அயல்மொழிச் சொற்கள் குழந்தை மனதில் நிற்க: எழுதிப் பழகுவதா, சீட்டுப் பெட்டியா, ஆப்பா?

பத்து தடவை எழுதினான். ராத்திரி கேட்டபோது டக்கென்று சொன்னான். நான்கு நாள் கழித்துக் கேட்டால் முழிக்கிறான். அயல்மொழி படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் இது வாராவாரம் நடக்கும் கூத்து. பழி பெரும்பாலும் பிள்ளையின் ஞாபகசக்தி மேல் விழும். விழ வேண்டியது படிக்க வைத்த முறையின் மேல்.

முறைகளுக்குப் பஞ்சமில்லை. எதை எடுப்பது என்று பார்க்க மூன்று கேள்வி போதும். ஒன்று, அந்த முறையில் குழந்தை விடையைப் பார்க்காமல் சொல்லைத் தன் மண்டையிலிருந்து எடுக்கிறதா? இரண்டு, அதே சொல் சில நாள் இடைவெளி விட்டு மறுபடி அதன் முன்னால் வருகிறதா? மூன்று, தினமும் இதை நடத்தப்போவது யார், குழந்தையா பெரியவரா? முதல் இரண்டையும் தாண்டிவிடும் நல்ல முறைகள்கூட மூன்றாவதில் மாட்டிக்கொண்டு மூன்றாம் வாரம் படுத்துவிடும்.

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சோதனை. 2008-இல் 'சயன்ஸ்' இதழில் ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் இருவரும் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு முறை சரியாகச் சொல்லிவிட்ட சொல்லை அதற்கப்புறமும் சிலரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வேறு சிலருக்கு அதைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள், ஆனால் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, கேட்கப்பட்டவர்களுக்கு நூற்றுக்குச் சுமார் 80 நினைவிருந்தது. காட்டப்பட்டவர்களுக்கு 35-ஐ ஒட்டித்தான். இத்தனைக்கும் முதல் நாள் முடிவில் எல்லாரும் எல்லாச் சொல்லையும் ஒரு தடவையாவது சரியாகச் சொன்னவர்கள்தான். ராத்திரி டக்கென்று சொன்ன பிள்ளையின் கதையும் இதேதான்.

இடைவெளிக்கு இன்னொன்று. உளவியலாளர் ஹாரி பாரிக் தன் குடும்பத்தார் மூவரோடு சேர்ந்து 300 அயல்மொழிச் சொற்களை வருடக்கணக்கில் படித்துப் பார்த்து 1993-இல் எழுதினார். சோதனை எலிகளும் அவர்களே. 56 நாளுக்கு ஒரு முறை என்று 13 தடவை படித்ததும், 14 நாளுக்கு ஒரு முறை என்று 26 தடவை படித்ததும் பிற்பாடு ஏறக்குறைய ஒரே அளவு நினைவில் நின்றன. இடைவெளியை நீட்டினால் உழைப்பு பாதி.

இனி ஒவ்வொன்றாக.

எழுதிப் பழகுவதும் பட்டியலும்

பத்து தடவை எழுதச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கவனியுங்கள். முதல் வரிக்கு மட்டும்தான் கண் புத்தகத்துக்குப் போகும். மீதி ஒன்பதும் மேல் வரியைப் பார்த்துப் போடும் நகல். சில கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் எழுத்தைப் பத்து வரிக்கும் மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு, அப்புறம் இரண்டாம் எழுத்துக்கு வருவார்கள். சொல் என்று ஒன்று அங்கே தலையில் உருவாகவே இல்லை. கை வலிக்கிறது, மனசு வேறெங்கோ இருக்கிறது.

எழுதவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. எழுத்துக்கூட்டல் கடினமான மொழிக்கும், ஜப்பானியம், சீனம் மாதிரி புது எழுத்துருவுக்கும் கை பழகத்தான் வேண்டும். ஆனால் பார்த்து எழுதுவதைப் பார்க்காமல் எழுதுவதாக மாற்ற வேண்டும்: சொல்லைப் பார், மூடு, மூன்று வரை எண்ணு, எழுது, திறந்து சரிபார். இப்படி மூன்று தடவை எழுதினால் போதும். சரிபார்க்கும்போது தப்பை அழிக்காமல், தப்பான எழுத்தின் மேல் மட்டும் வட்டம் போடச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் வட்டம் திரும்பத் திரும்ப விழுந்தால் குழறுகிற எழுத்து எது என்று பிடிபட்டுவிடும்.

இரண்டு பத்தியாகப் பட்டியல் எழுதி ஒரு பக்கத்தைக் கையால் மூடிப் படிப்பது இதைவிடக் கொஞ்சம் மேல். அதன் கோளாறு வரிசை. ஐந்தாவது சொல்லுக்கு விடை ஆறாவதற்கு முன்னால் வருவது என்று குழந்தை இடத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். பட்டியலைக் கீழிருந்து மேலே கேட்டுப் பாருங்கள், பாதி உதிர்ந்துவிடும். அடுத்த வாரம் தேர்வு, சொற்கள் இருபதுக்குள், வேறெதற்கும் நேரமில்லை என்றால் பட்டியல் போதும், வரிசையைக் கலைத்துக் கேட்கும்வரை.

சீட்டுப் பெட்டி

ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பரப்பிய முறை இது. அரை நூற்றாண்டு ஆகியும் காகிதத்தில் இதை மிஞ்சிய ஏற்பாடு வரவில்லை. ஐந்து அறை உள்ள ஒரு பெட்டி. புதுச் சீட்டு முதல் அறையில் நுழையும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும், தப்பினால் முதல் அறைக்கே இறங்கும். மேலே போகப் போக இடைவெளி நீளும். தெரிந்த சொல்லுக்கு நேரம் வீணாகாது, தெரியாத சொல் கண்ணை விட்டு மறையாது.

செருப்புப் பெட்டியில் நான்கு தடுப்பு அட்டை செருகினால் பெட்டி தயார். சீட்டில்தான் கவனம் வேண்டும். ஒரு ஏ4 தாளை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 74-க்கு 105 மில்லிமீட்டர். குழந்தை கைக்குச் சரியான அளவு. ஆனால் பிரிண்டருக்குப் போடும் 80 ஜிஎஸ்எம் தாள் ஆகாது. விளக்கு வெளிச்சத்தில் பின்பக்கத்து மை தெரிந்து, குழந்தை விடையைப் படித்துவிடும். 180, 200 ஜிஎஸ்எம் அட்டை வேண்டும். எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கட்டும். மூலை மடங்கியது, எண்ணெய்க் கறை பட்டது எதுவானாலும் உடனே மாற்றி எழுதுங்கள். 'கறை பட்ட சீட்டா, அது ஜன்னல்' என்று பிள்ளைகள் சொல்லைவிட்டுச் சீட்டை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஒரு பக்கம் படம் அல்லது தமிழ்ச் சொல். மறுபக்கம் அயல்மொழிச் சொல், அதன் கீழே மூன்று நான்கு சொல்லில் ஒரு சின்னத் தொடர். ஜெர்மன், பிரெஞ்சு மாதிரி பெயர்ச்சொல்லுக்குப் பால் உண்டு என்றால், சொல்லோடு ஒட்டும் சிறு சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டும். ஜெர்மனில் மேசைக்கு 'டிஷ்' என்று தனியாகப் படித்த குழந்தைக்குப் பிற்பாடு 'டேர் டிஷ்' என்று திருத்துவது இரட்டை வேலை. ஆண்பாலுக்கு வரும் டேர் நீலம், பெண்பாலுக்கு வரும் டீ சிவப்பு, இரண்டிலும் சேராததற்கு வரும் டாஸ் பச்சை என்று மை நிறம் பிரித்துக்கொண்டால் பால் கண்ணிலேயே பதியும்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் ரொம்ப உண்டு. தவிர்த்துவிடுங்கள். பிரெஞ்சில் ரொட்டிக்கும் குளியலுக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேன்' என்றுதான் வரும். ஒன்றில் 'பல்'லில் வரும் ப, மற்றதில் 'தம்பி'யில் வரும் ப. நம் எழுத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கடைசியில் வரும் மூக்கொலிக்கும் நம்மிடம் எழுத்தில்லை. குழந்தை அழுத்தமாக 'ன்' போட்டுப் படிக்கும். ஒரு தடவை அப்படிப் பழகிய நாக்கைத் திருப்ப மாதக்கணக்கு ஆகும். அதற்குப் பதில் சீட்டு எழுதும்போதே அந்த மொழிக்காரர் குரலில் மூன்று தடவை கேட்டுச் சொல்ல வையுங்கள். ஃபோர்வோ மாதிரியான தளங்களில் தாய்மொழிக்காரர்கள் ஒலிப்பதிவு சொல்வாரியாகக் கிடைக்கும்.

நாட்காட்டி இப்படி வைக்கலாம். முதல் அறை தினமும். இரண்டாம் அறை திங்கள், புதன், வெள்ளி. மூன்றாம் அறை செவ்வாய், சனி. நான்காம் அறை ஞாயிறு. ஐந்தாம் அறை மாதத்தின் 1, 15 தேதிகளில். ஐந்தாம் அறையிலும் சரியாகச் சொன்ன சீட்டு வெளியே ஒரு டப்பாவுக்குப் போகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த டப்பாவிலிருந்து கை போட்டு இருபது எடுத்துக் கேட்டால் போதும். ஒரு நாளில் எப்போதும் மேல் அறையில் தொடங்கிக் கீழே வாருங்கள். முதல் அறையில் தொடங்கினால், அங்கே சரியாகச் சொல்லி இரண்டாம் அறைக்கு ஏறிய சீட்டு ஐந்து நிமிடத்தில் மறுபடி கைக்கு வந்து, சும்மாவே மூன்றாம் அறைக்கு ஏறிவிடும். புதுச் சொற்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

புதிதாக எத்தனை? ஏழெட்டு வயதுக்கு நாளுக்கு 4, பத்து வயதுக்கு மேல் 6. கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சீட்டு ஐந்து அறையையும் தாண்ட குறைந்தது ஐந்து தடவை கைக்கு வர வேண்டும். நாளுக்கு 6 புதிது என்றால், போகப் போகத் தினம் சராசரி 30 சீட்டு. தப்பி இறங்கியவற்றோடு 35, 40 ஆகும். ஒரு சீட்டுக்குப் பத்து விநாடி என்றால் ஏழு நிமிடம், புதுச் சொல்லுக்கு ஐந்து நிமிடம். பன்னிரண்டு நிமிடம் குழந்தை தாங்கும். முதல் வாரம் சீட்டு குறைவாக இருக்கிறதே என்று நாளுக்கு 15 போட்டவர்களுக்கு அடுத்த மாதம் தினம் நூறு சீட்டு நிற்கும். பெட்டி கட்டிலுக்கடியில் போய்விடும். முதல் அறையில் 25 சீட்டுக்கு மேல் சேர்ந்தால் அது குறையும்வரை புதுச் சொல்லை நிறுத்துங்கள்.

எந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்பது என்பதிலும் ஒரு முறை உண்டு. அயல்மொழிச் சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வது சுலபம், பொருளைப் பார்த்துச் சொல்லை எடுப்பது கஷ்டம். முதல் இரண்டு அறையில் சுலபமான பக்கம், மூன்றாம் அறைக்கு ஏறியதும் திருப்பிப் போட்டுக் கேளுங்கள். திருப்பிய முதல் தடவை நிறையச் சீட்டு விழும். அதற்கு மட்டும் முதல் அறைக்குத் தள்ளாமல் இரண்டாம் அறையில் போட்டால் குழந்தை மனசு விடாது.

புதுச் சொற்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாடப்புத்தகம் நம்மை ஏமாற்றும். எல்லா நிறங்களும் ஒரு பாடம், எல்லா விலங்குகளும் ஒரு பாடம் என்று அடுக்கியிருப்பார்கள். ஒரே வகைச் சொற்களைச் சேர்த்துப் புதிதாகப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பிக் கற்பது தாமதமாகிறது என்று டிங்கம் என்ற ஆய்வாளர் 1993-லும் 1997-லும் காட்டினார். வேரிங் என்ற இன்னொருவர் ஜப்பானிய மொழிக்காரர்களிடம் செய்து பார்த்தபோதும் அப்படியே வந்தது. வீட்டில் எளிதாகக் காணக்கூடியது வலது, இடது. இரண்டையும் ஒரே நாளில் கற்றுத்தந்தால், இரண்டு சொல்லும் தெரியும், எது எது என்று மட்டும் வருடக்கணக்கில் தெரியாது. வலதை முதலில் கொடுத்து, அது மூன்றாம் அறைக்கு ஏறியபின் இடதைக் கொண்டுவாருங்கள். நிறங்களில் நாளுக்கு ஒன்று, கூடவே ஒரு வினைச்சொல், ஒரு பாத்திரம், ஒரு விலங்கு என்று கலந்து கொடுக்கலாம். ஒலியில் ஒட்டியவற்றையும் அதே மாதிரி பிரிக்க வேண்டும்: ஜப்பானியத்தில் 'கவாயீ' என்றால் கொஞ்சத் தோன்றும் அழகு, 'கொவாய்' என்றால் பயமாயிருக்கிறது. ஒரே வாரத்தில் இரண்டும் வந்தால் பாட்டியைப் பார்த்துப் பயமாயிருக்கிறது என்று பிள்ளை சொல்லும்.

பெட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் பெரியவர்கள். குழந்தை யோசிக்கும்போது முதல் எழுத்தை எடுத்துக்கொடுப்பது, முகத்தில் 'ம்ம்' காட்டுவது, முக்கால்வாசி சரி என்று ஏற்றிவிடுவது. ஐந்து விநாடி வாயை மூடிக்கொண்டிருங்கள். வரவில்லை என்றால் விடையைக் காட்டிச் சீட்டை இறக்குங்கள். எது சரி என்ற சட்டத்தை முதல் நாளே பேசிவிடுங்கள்: 'டேர்' விட்டுப்போனால் ஏறாது, அந்த அறையிலேயே இருக்கும் என்கிற மாதிரி. நடுவில் சட்டம் மாறினால் தினமும் பஞ்சாயத்துதான். இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஈடுகட்ட வேண்டாம். நாளுக்கு 40 சீட்டு என்று எல்லை வைத்து, புதுச் சொல் இல்லாமல், அந்த நாட்களில் மட்டும் கீழ் அறைகளை முதலில் தீர்த்தால் ஒரு வாரத்தில் ஒழுங்குக்கு வந்துவிடும்.

அடம்பிடிக்கும் சொல்லுக்கு ஒலித்துணை

ஒரே சீட்டு நான்கு தடவை முதல் அறைக்குத் திரும்பினால் இன்னும் பத்து தடவை கேட்டும் புண்ணியமில்லை. அதற்கு வேறு வைத்தியம். அயல்மொழிச் சொல் காதில் எப்படி விழுகிறதோ அதே மாதிரி ஒலிக்கும் தமிழ்ச் சொல் ஒன்றைப் பிடித்து, அதையும் பொருளையும் ஒரே படத்தில் முட்டவிடுவது. 1975-இல் அட்கின்சன், ராவ் என்ற இரு ஆய்வாளர்கள் 120 ரஷ்யச் சொற்களை வைத்து இதைச் சோதித்தார்கள். இப்படிப் படித்தவர்கள் நூற்றுக்கு 72, மற்றவர்கள் 46.

ஜப்பானியத்தில் மழைக்கு 'அமே'. கொட்டும் மழையில் ஓர் ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்கிறது. பிரெஞ்சில் வீட்டுக்கு 'மெஸோன்'. மேஸ்திரி ஒருவர் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார். பிரெஞ்சு ரொட்டியை இனி எந்தப் பிள்ளையும் மறக்காது: ரொட்டிக்குள்ளிருந்து பேன் ஊர்ந்து வருகிறது. அருவருப்பும் அசட்டுத்தனமும் இருந்தால் படம் ஒட்டிக்கொள்ளும். மழை ஒரு பக்கம், ஆமை ஒரு பக்கம் என்று சும்மா நிற்கக் கூடாது, ஒன்று மற்றதை ஏதாவது செய்ய வேண்டும். எட்டு வயதுக்கு மேல் படத்தைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். அதைவிடச் சின்னப் பிள்ளைக்கு நீங்கள் எடுத்துக்கொடுங்கள்.

எல்லாச் சொல்லுக்கும் இதைச் செய்யலாமே என்றால், கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடமாவது பிடிக்கும். 'இருந்தாலும்', 'ஒருவேளை' மாதிரிச் சொற்களுக்குப் படம் அமையாது. 'அமே' என்று கேட்டதும் ஆமை வழியாக மழைக்குப் போவது எளிது. மழை என்று சொன்னதும் ஆமை வந்து, அதிலிருந்து 'அமே'க்குத் திரும்புவது அவ்வளவு எளிதில்லை. உச்சரிப்பும் தமிழ்ச் சொல் பக்கம் சாயும், பேன் விஷயத்தில் பார்த்த மாதிரி. படம் போட்டதும் அசல் ஒலியைக் கேட்க வைத்தால் அதைத் தடுக்கலாம். இது பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் மருந்து. பத்துக்கு ஒரு சொல்லுக்குத்தான் தேவைப்படும்.

சும்மா கிடைக்கிற சொற்களும் சில உண்டு. மேசை, ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. அந்த மொழி படிக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு அவை அறிமுகமான முகங்கள். ஸ்பானிஷிலும் மேசை 'மேசா'தான். இவற்றுக்குச் சீட்டை வீணாக்க வேண்டாம்.

ஆப்

பெட்டியின் கணக்கை மென்பொருள் போட்டால் அது ஆங்கி மாதிரியான ஆப். டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்டது. பெயர் ஜப்பானியத்தில் 'மனப்பாடம்'. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு. ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாக அடுத்த தேதியைக் குறிக்கும். ஒலியை உள்ளேயே வைக்கலாம், ஆயிரம் சொல் ஆனாலும் இடத்தை அடைக்காது. காகிதப் பெட்டி ஐந்நூறு சீட்டுக்கு மேல் திணறத் தொடங்கும். ஆப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அப்படியே திறந்து குழந்தை கையில் கொடுக்க முடியாது. நிறுவியவுடன் அதில் நாளுக்கு 20 புதுச் சீட்டு என்று இருக்கும். பெரியவர்களுக்கே அது சில வாரத்தில் தினம் 150-க்கு மேல் போகும். 5 ஆகக் குறையுங்கள். இரண்டு பக்கமும் கேட்கும் வகைச் சீட்டைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சொல்லுக்கு இரண்டு சீட்டு உருவாகும். 5 சீட்டு என்பது அப்போது இரண்டரைச் சொல்தான். இது தெரியாமல் ஆப் சொல்லே கொடுப்பதில்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு.

விடை காட்டியதும் நான்கு பொத்தான் வரும்: மறுபடி, கஷ்டம், சரி, சுலபம் என்று. மோசமான தப்பு இங்கேதான் நடக்கிறது. சொல் மறந்துபோன குழந்தை 'மறுபடி'யை அழுத்தக் கூச்சப்பட்டு 'கஷ்ட'த்தை அழுத்தும். ஆப்பின் கணக்கில் 'கஷ்டம்' என்றால் யோசித்துச் சரியாகச் சொன்னான் என்று அர்த்தம், இடைவெளி கூடும். ஒரு மாதத்தில் தெரியாத சொல்லெல்லாம் தொலைதூரத் தேதிக்குப் போய்விடும். இரண்டே பொத்தான்தான் என்று சட்டம் வையுங்கள்: வந்தது என்றால் 'சரி', வரவில்லை என்றால் 'மறுபடி'. அடுத்த திருட்டு, விடையைப் பார்த்துவிட்டு 'ஆமா, எனக்குத் தெரியுமே' என்பது. பொத்தானைத் தொடும் முன் விடையைச் சிலேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டலும் பழகும், ஏமாற்றவும் முடியாது.

இணையத்தில் கிடைக்கும் ஆயத்த டெக்குகளை, அதாவது பிறர் செய்து வைத்த சீட்டுத் தொகுப்புகளை, இறக்கிக் கொடுப்பது கவர்ச்சியாக இருக்கும். அவற்றில் பொருள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலமே தட்டுத் தடுமாறுகிற பிள்ளை இரண்டு மொழியை ஒரே சமயத்தில் சுமக்கும். குழந்தையின் பாடத்திலிருந்து வாரம் 25 சொல்லைக் கூட உட்கார்ந்து நீங்களே ஏற்றுங்கள், அரை மணி ஆகும். போனில் என்றால் அறிவிப்புகளை நிறுத்தி, ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் பின்னிங் வசதியால் ஆப்பை விட்டு வெளியே போகாதபடி பூட்டிக் கொடுங்கள். இல்லையென்றால் பத்து நிமிடப் படிப்பு அரை மணி வீடியோவாக முடியும்.

புள்ளி, ஸ்ட்ரீக் (விடாமல் வந்த நாள் கணக்கு), கார்ட்டூன் என்று ஓடும் விளையாட்டு ஆப்புகள் வேறு சாதி. குழந்தை தினமும் விரும்பித் திறக்கும், அது பெரிய விஷயம். ஆனால் நான்கில் ஒன்றைத் தொடு என்று கேட்டால் பொருந்தாத மூன்றைக் கழித்தே விடை வந்துவிடும். அங்கே ஐம்பது சொல் 'முடித்த' பிள்ளையிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து நினைவிருப்பதை எழுதச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு நின்றிருக்கிறது என்று தெரியும். ஆர்வத்துக்கு வைத்துக்கொள்ளலாம், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒட்டும் சீட்டு, பாட்டு, கதை

கதவிலும் நாற்காலியிலும் பெயர் எழுதி ஒட்டுவது இரண்டு நாள் வேலை செய்யும். மூன்றாம் நாள் கண் அதைச் சுவராகவே நினைத்துக்கொள்ளும். காப்பாற்ற ஒரு வழி: எழுத்துப் பக்கத்தை உள்ளே திருப்பி ஒட்டி, கதவைத் திறக்கும் முன் சொல்லைச் சொல்லிவிட்டுத் தூக்கிப் பார்ப்பது. பாட்டில் ஒலி நன்றாகப் பதியும். ஆனால் ஒன்று முதல் பத்து வரை பாடுகிற பிள்ளையிடம் ஏழு என்ன என்று கேட்டால் ஒன்றிலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் சொல்லும். கதை வாசிப்புதான் கடைசியில் எல்லாரும் போய்ச் சேர வேண்டிய இடம். ஆனால் ஒரு பக்கத்தில் ஐம்பது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாவிட்டால் சுகமாக வாசிக்க முடியாது. ஆரம்பத்தில் அந்த நிலைக்குக் கொண்டுபோவது சீட்டுதான்.

எதை எடுப்பது?

பத்து வயதுக்குள் என்றால் பெட்டி. கையால் ஏற்றி இறக்குவதும், மேல் அறை நிரம்புவதைக் கண்ணால் பார்ப்பதும் சின்னப் பிள்ளைக்குத் தனி உற்சாகம். ஆனால் தினம் பன்னிரண்டு நிமிடம் ஒரு பெரியவர் கூட உட்கார வேண்டும். அது நடக்காத வீடு என்றால், வாரம் மூன்று நாள், நாளுக்கு 3 புதுச் சொல் என்று பெட்டியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆப்பைக் கொடுத்து ஒதுங்கிவிடுவதைவிட அது மேல். பன்னிரண்டு வயதுக்கு மேல், சொற்கள் ஐந்நூறைத் தாண்டும், தானே உட்காருகிற பிள்ளை என்றால் ஆப். வாரத்துக்கு ஒரு தடவை பத்துச் சீட்டை நீங்கள் வாயால் கேட்டால் பொத்தான் விஷயம் வெளிவந்துவிடும். நடுவில் இருக்கும் வயதுக்குப் பெட்டியில் தொடங்கி, முந்நூறு சீட்டில் ஆப்புக்கு மாறலாம். மாறும்போது ஐந்தாம் அறையைத் தாண்டிய சீட்டுகளை ஏற்ற வேண்டாம்.

பெற்றோருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் பெட்டியில் உச்சரிப்பைச் சரிபார்க்க ஆள் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே ஒலி சேர்த்த ஆப் பக்கம் தராசு சாயலாம். ஐந்து நாளில் தேர்வு, 30 சொல் என்றால் முறை மாற்றமெல்லாம் வேண்டாம்: முதல் மூன்று நாள் பத்துப் பத்தாக, ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் பத்தையும் கேட்டு, நான்காம் நாள் முப்பதும் கலைத்து, ஐந்தாம் நாள் தப்பியவை மட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் பிள்ளைக்கு எது என்று சந்தேகம் இருந்தால் இரண்டு வாரத்தில் சோதித்துவிடலாம். நீளத்திலும் கஷ்டத்திலும் ஒத்த 20 சொல்லை எடுத்துச் சீட்டுக் குலுக்கிப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஒரு பத்து ஒரு முறையில், மறு பத்து இன்னொரு முறையில், இரண்டுக்கும் ஒரே அளவு நேரம், ஒரே வாரம். அப்புறம் ஏழு நாள் எதையும் தொடாதீர்கள். எட்டாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் இருபதையும் கலைத்துக் கேளுங்கள், தமிழிலிருந்து அயல்மொழிக்கு. எட்டும் நான்குமாக வந்தால் விடை தெரிந்துவிட்டது. ஏழும் ஆறுமாக வந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு, எதை நடத்தும்போது வீட்டில் சத்தம் குறைவாக இருந்ததோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.